குடத்தைத் திருப்பி வைத்தவர்

நசீர் பாய் இறந்துபோன செய்தி வந்தபோது நான் மிக்ஸியில் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தில் போன் அடித்தது எனக்குக் கேட்கவில்லை. அம்மாதான் எடுத்தாள். எடுத்தவள் ஒரு வார்த்தையும் பேசாமல் கேட்டுக்கொண்டே நின்றாள். என் அம்மா கன்னியம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றால் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். ராங் நம்பரிடமே ஊர்க்கதை பேசுகிறவள் அவள். மிக்ஸியை நிறுத்தினேன்.

"மும்தாஜு பேசுது. பாய் பூட்டாராம்டி. காத்தால தொழுவ எழுந்தவரு நெஞ்சப் புடிச்சிக்கினு உக்காந்தாராம். அவ்ளோதான்" என்றாள் அம்மா. பிறகு சுவரோரமாக உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் அந்தச் சட்னியை யாரும் தொடவில்லை.

பூந்தமல்லி நசீர் பாய் என்றால் இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். சினிமாவில் கலை இயக்குநருக்குக் கீழே வேலை பார்த்தவர். கதையில் வருகிற வீட்டுக்குள் என்னென்ன சாமான் இருக்க வேண்டும் என்று யோசித்து, தேடிக் கொண்டுவந்து, அதனதன் இடத்தில் வைக்கிற வேலை. மீதிப் பாதிப் பேர் அவரை அம்பத்தூரில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக் கூட்டத்தில் பார்த்திருப்பீர்கள். கடைசி வரிசையில், கழுத்தில் கர்சீப்போடு உட்கார்ந்திருந்துவிட்டு, எல்லாரும் கைதட்டி முடித்ததும், "எனக்கு ஒரு சின்ன சந்தேகம்" என்று எழுந்திருப்பாரே, அவரேதான். அந்தச் சின்ன சந்தேகத்துக்குப் பயந்து கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திக்கொண்ட எழுத்தாளர்களை எனக்குத் தெரியும்.

என்னிடமும் அப்படித்தான் ஆரம்பித்தார். ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் கூட்டம். நான் முதன்முதலாகக் கதை வாசித்த நாள். முகப்பேர் அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்க்கிற ஒரு பெண்ணைப் பற்றிய கதை. என் அம்மாவின் கதைதான். அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் இருந்தவர், நான் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் போய்விட்டார். அதன்பிறகு அம்மா வீட்டுவேலைக்குப் போய்த்தான் என்னைப் படிக்க வைத்தாள். கதையின் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் அவளை அழவிட்டிருந்தேன். கேட்டவர்களும் அழுதார்கள். வலி, வலி என்று ஆளாளுக்குப் பாராட்டினார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

அப்போது பின்னால் இருந்து எழுந்தார். "கத நல்லாத்தான் கீது. ஒரு சின்ன சந்தேகம். இந்த ஊட்ல யாருமே சிரிக்க மாட்டாங்களா?"

எனக்குச் சுரீர் என்று ஏறியது. "வயித்துக்கு இல்லாதவங்க எப்படி சார் சிரிப்பாங்க?" என்றேன்.

"சாரெல்லாம் வேணாம்மா. எங்க அத்தா தள்ளுவண்டியில வளையல் வித்தவரு. எங்க ஊட்லயும் சோத்துக்குத் தட்டுப்பாடுதான். ஆனா எங்கம்மா அவரக் கிண்டல் பண்ணாத நாளே கெடையாது. அதான் கேட்டேன்."

"அப்போ எங்க வீட்டுக்கு வந்து பாருங்க" என்று கத்திவிட்டு உட்கார்ந்தேன். வீம்புக்குச் சொன்னது. அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மனைவி மும்தாஜ் அக்காவைக் கூட்டிக்கொண்டு, கையில் வாழைப்பழச் சீப்போடு வந்து நின்றார்.

வந்தவர்களை உட்கார வைத்து டீ போட்டுக் கொடுத்த அம்மா, கொஞ்ச நேரத்தில் தன் வேலையை ஆரம்பித்துவிட்டாள். தான் வேலை செய்யும் வீட்டு அம்மாள் வீட்டுக்குள்ளேயே வாக்கிங் போவதை நடித்துக் காட்டினாள். "ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நடந்துகினே கீதுபா அந்தம்மா. உடம்பு எளைக்கணுமாம். கீழ ஒரு துணி கெடந்தா மட்டும் குனியாது. கன்னியம்மா, கன்னியம்மான்னு என்னக் கூப்புடும். இப்ப இன்னா ஆச்சு? எளைச்சது நானு!" மும்தாஜ் அக்கா சிரித்த சிரிப்பில் டீ புரையேறி, நான் ஓடிப்போய்த் தலையில் தட்ட வேண்டியதாயிற்று.

கிளம்பும்போது பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏம்மா ரைட்டரு, இவ்ளோ பெரிய ஆள ஊட்ல வெச்சிக்கினு, கதையில எதுக்கு ஒரு அழுவுற பொம்பளைய வெச்ச?"

பல நாள் அவர்மீது கோபமாக இருந்தேன். பிறகு அந்தக் கதையைக் கிழித்துப்போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். இந்தமுறை அம்மா பேசினாள், கிண்டல் செய்தாள், சண்டை போட்டாள். அழ வேண்டிய இடத்தில் மட்டும் அழுதாள். நான் எழுத்தாளர் ஆனது அந்த இரண்டாவது கதையால்தான். அதற்கு யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

ஏற்றத்தாழ்வைப் பற்றிப் புத்தகமோ படமோ வந்தால் பாய் விடமாட்டார். தேடிப் படிப்பார், முதல் நாளே பார்ப்பார், வந்து சண்டை போடுவார். "ஏழை பணக்காரன்னு காட்டணும்னா நம்மாளுங்களுக்கு ரெண்டே சாமான்தான் தெரியும். ஏழைக்கு ஒட்டடை, பணக்காரனுக்கு மாடிப்படி. மாடிப்படியில நின்னுகினு கத்துற பணக்காரன நான் இன்னும் ஒருத்தனக்கூடப் பாத்ததில்ல. முகப்பேர்ல போய்ப் பாரு, எல்லாம் பிளாட்டு. கத்தணும்னா லிப்டுலதான் கத்தணும்" என்பார். நாவல்களையும் அப்படித்தான் படித்தார். ஒருமுறை ஒரு தடித்த நாவலை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "இத்தன பக்கம் எழுதிக்கீறாரே, இந்த ஆளு எதுல தண்ணி குடிக்கிறான்னு எங்கனா வருதா? அப்ப எழுதுனவரு இவன் ஊட்டுக்குள்ள போவவேயில்ல. வாசல்லயே நின்னுகினு எழுதிட்டாரு."

எப்போதும் அவர் சொன்னதுதான் சரி என்று நான் சொல்லவில்லை. நல்ல புத்தகம் சிலவற்றையும் இந்த ஒரே தராசில் போட்டுத் தூக்கி எறிந்திருக்கிறார். பொசுக்கென்று கோபம் வரும். இன்னும் பார்க்காதவர்களிடம் படத்தின் முடிவைச் சொல்லிவிடுவார், கேட்டால் "முடிவு தெரிஞ்சா பாக்க மாட்டியா? அப்ப அது இன்னா படம்?" என்பார். அதற்காக அவரோடு ஒரு மாதம் நான் பேசாமல் இருந்ததும் உண்டு.

மறுபடி எழுதிய அந்தக் கதையை ஒரு டைரக்டர் படமாக எடுக்க வந்தார். வசனமும் என்னையே எழுதச் சொன்னார். படத்தின் பெயரைச் சொல்லமாட்டேன், காரணம் பின்னால் வரும். வீட்டுச் சாமான்களுக்குப் பொறுப்பாக வந்தவர் நசீர் பாய். கடையில் வாங்குவதை விட்டுவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார். டிவி மேல் போட்டிருந்த பூ வேலை செய்த துணி, அப்பாவின் சாப்பாட்டு அடுக்கு, ஷோகேஸ் பொம்மை எல்லாவற்றையும் இரவல் கேட்டார். கடைசியாக அம்மாவின் கல்யாணத்துக்கு வாங்கிய எவர்சில்வர் குடத்தையும் கேட்டார்.

"இன்னா பாய், எங்க கொடத்துக்கு சினிமால சான்சா?" என்றாள் அம்மா.

அந்தக் குடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாகக் 'கன்னியம்மா' என்று பெயர் வெட்டியிருக்கும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த ஒரு பெயரை மட்டும் எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும். தண்ணீர் லாரி வரும் நாட்களில், வரிசையில் கிடக்கும் குடங்களுக்கு நடுவே தன்னுடையதை அந்த எழுத்துகளைப் பார்த்துத்தான் எடுப்பாள். பாய் இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் குடத்தை வாங்கிப்போனார். இரவல் வாங்கிய சாமான் எதையும் அவர் வெறுமையாகத் திருப்பித் தந்ததில்லை. அடுக்கு திரும்பி வந்தபோது அதில் பேரீச்சம்பழம் இருந்தது. நம் எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். சினிமாக்காரர்கள் செய்து நான் பார்த்ததில்லை.

முதலில் முகப்பேரில் ஒரு காலி பிளாட்டை வாடகைக்கு எடுத்து, கதையில் வரும் வசதியான வீட்டுக் காட்சிகளை எடுத்தார்கள். பாய் அந்த வீட்டை அழகாக, அளவாக அமைத்தார். பிறகு சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கிற இடத்து ஜன்னல் கம்பியின் ஓரத்தில், ஒரு பழைய டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். வேலைக்காரம்மாவுக்கென்று தனியாக வைத்திருக்கும் டம்ளர். அம்மா சொல்லித்தான் அவருக்கு அது தெரியும். என்னிடம், "இதுக்கு டயலாக் எழுதிறாதம்மா, கெட்டுரும்" என்றார்.

பிளாட்டின் சொந்தக்காரம்மா எதிர் வீட்டில் குடியிருந்தார். ஷூட்டிங் வேடிக்கை பார்க்க வந்தவர் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, விறுவிறுவென்று பாயிடம் வந்தார். "எங்க சாமானை எதுக்கு எடுத்தீங்க? கேட்டுட்டு எடுக்க மாட்டீங்களா?"

"எந்தச் சாமான்மா?"

"அந்த டம்ளர்! எங்க வீட்டு ஜன்னல்ல இருந்தது."

"இல்லம்மா, அது நான் பழைய பாத்திரக் கடையில வாங்கியாந்தது."

அவர் நம்பவில்லை. வேகமாகத் தன் வீட்டுக்குள் போனார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தார். அவருடைய டம்ளர் அவருடைய ஜன்னலிலேயே, அதே மாதிரி கவிழ்த்தபடி இருந்திருக்கிறது. ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பாய் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை, எங்களையும் சிரிக்க விடவில்லை. "வாங்கம்மா, டீ குடிங்க" என்று கூப்பிட்டார்.

அடுத்து அம்மாவின் வீடு. அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு பழைய வீட்டைப் பிடித்திருந்தார்கள். டைரக்டர் கெட்டவர் இல்லை. ஏழை வீடு என்றால் அழுக்காகத்தான் இருக்கும் என்று உண்மையாகவே நம்பினார்; அவர் பார்த்து வளர்ந்த படங்களிலெல்லாம் அப்படித்தான் இருந்தது. "ஏழை ஊடுன்னா அழுக்கு ஊடுன்னு எவன் சார் சொன்னது?" என்று பாய் எவ்வளவோ வாதாடிப் பார்த்தார். எடுபடவில்லை. சுவரில் கரி பூசினார்கள். பசையை ஊதி மூலைக்கு மூலை ஒட்டடை கட்டினார்கள். பாத்திரங்களில் புழுதி. பார்த்தால் பேய் கூடக் குடியிருக்காது. பாதிக் காட்சிகளை அந்த அழுக்கிலேயே எடுத்தும் முடித்திருந்தார்கள்.

"நம்ம ஊட்ட சினிமால கட்டிக்கீறாங்களாமே, நான் பாக்கணும்" என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். மறுநாள் காலை நான் கிளம்புவதற்கு முன்பே ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். அந்த நேரம் பார்த்து யூனிட் மொத்தமும் தெருமுனையில் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. வீடு திறந்து கிடந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் துடைப்பத்தோடு நின்றாள். ஒட்டடை ஒன்றுகூட இல்லை. சுவரை ஈரத்துணியால் துடைத்திருந்தாள். தரையைக் கழுவிவிட்டிருந்தாள். பாத்திரமெல்லாம் தேய்த்து வரிசையாக அடுக்கியிருந்தாள். வாசலில் கோலம் வேறு.

"யாருடி இந்த ஊட்ல இருந்தவ? இப்டி நாறப் போட்டு வெச்சிட்டுப் போயிக்கீறா! நம்ம ஊடுன்னு சொல்லி ஊரே பாக்கப்போவுது, மானம் போவாது?"

ஐயோ என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். மறுபக்கம் எனக்குச் சிரிப்பும் தாங்கவில்லை. அதற்குள் யூனிட் திரும்பி வந்துவிட்டது. ஒரே கூச்சல். கலைப் பிரிவு நாள் கணக்கில் செய்த வேலையை அம்மா ஒரு காலையில் முடித்துக்கட்டியிருந்தாள். டைரக்டர் கத்தினார்: "நேத்து எடுத்த சீனோட இது எப்படி ஒட்டும்? மறுபடி கரியைப் பூசுங்க!"

அம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த அழுக்கு யாரோ விட்டுப்போனது இல்லை. கன்னியம்மாவின் வீடு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, வேலைக்கு ஆள் வைத்துப் பூசியது. ஊர் வீட்டையெல்லாம் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்து தன் ஒற்றை அறையைக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தவள் அவள். அவள் முகம் சுருங்கிப்போனதை நான் பார்த்தேன். நான் எழுதிய கதையால் என் அம்மாவுக்கு இப்படி ஒரு அவமானம்.

நசீர் பாயும் அந்த முகத்தைப் பார்த்தார். கரிச் சட்டியை அவர் கையில் கொடுத்தார்கள். கீழே வைத்துவிட்டார்.

"நான் பூச மாட்டேன் சார். இது அந்தம்மா ஊடு, அவங்க பெருக்கிக்கீறாங்க. பெருக்குன ஊட்ல, அவங்க கண்ணு முன்னாடி கரி பூச எனக்குக் கை வராது."

"அப்போ கிளம்புங்க" என்றார் மேனேஜர்.

கிளம்பிவிட்டார். வாசல் வரைக்கும் போனவர் என்ன நினைத்தாரோ, திரும்பி வந்தார். அடுப்பங்கரையில் வைத்திருந்த எங்கள் குடத்தைக் கையால் தொட்டு, மெல்லத் திருப்பினார். 'கன்னியம்மா' என்ற எழுத்து கேமரா பக்கம் வந்தது. "அம்மா, கோலம் சூப்பரா கீது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வேறு ஆளை வைத்துப் பூசியிருக்கலாம்தான். ஆனால் கரி பூசி, காய்ந்து, ஒட்டடை கட்டி முடிக்க அரை நாள் ஆகும். நடிகையின் கால்ஷீட் அன்றைக்கு மதியத்தோடு முடிகிறது. டைரக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு மீதிக் காட்சிகளை என் அம்மா பெருக்கிய வீட்டிலேயே எடுத்தார்.

படம் வந்தது. ஒரு விமர்சகர், பின்பாதியில் வீடு திடீரென்று பளிச்சென்று ஆவது நாயகியின் மனவிடுதலைக்கான குறியீடு என்று நீளமாக எழுதியிருந்தார். பாய் அதை டீக்கடையில் எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். "கேட்டியா ரைட்டரு, உங்கம்மா தொடப்பத்துக்குக் குறியீடுன்னு பேரு வெச்சிட்டாங்க!" சாகும்வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அம்பத்தூரில் ஒரு தியேட்டருக்கு எல்லாருமாகத்தான் போனோம். குடம் வருகிற காட்சி வந்ததும் அம்மா சீட்டை விட்டு எழுந்துவிட்டாள். "ஏய், எம்பேருடி! பாய், எங்கொடம்! எம்பேரு வந்துகீது பாரு!" முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு யாரோ விசில் அடித்தார்கள். அயனம்பாக்கத்தில் சுருங்கிப்போன அம்மாவின் முகம் அங்கே மறுபடி மலர்ந்ததைப் பார்த்தேன். பாய் பக்கத்து சீட்டில் தன் கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் பெயர்கள் ஓடின. மற்ற படங்களில் கூட்டத்தோடு கூட்டமாக வருகிற அவர் பெயர் இதில் இல்லை. எடுத்துவிட்டிருந்தார்கள். படத்தின் பெயரைச் சொல்லமாட்டேன் என்றேனே, இதற்குத்தான். நசீர் பாயின் பெயரைப் போடாத படத்துக்கு நான் எதற்கு விளம்பரம் செய்ய வேண்டும்? அவர் என்னவோ, "உடும்மா, உங்கம்மா பேரு வந்துச்சுல்ல" என்று முடித்துக்கொண்டார். மும்தாஜ் அக்காதான் விடவில்லை. மறுநாளே பாத்திரக் கடைக்குப் போய், புதிதாக ஒரு தூக்கு வாங்கி, அதில் 'நசீர்' என்று பெரிதாக வெட்டிக்கொண்டு வந்தார். "அவங்க போடலன்னா போவட்டும். எங்க ஊட்டு டைட்டில்ல நான் போட்டுட்டேன்."

அந்தத் தூக்கில்தான் ஒவ்வொரு ரமலானிலும் எங்கள் வீட்டுக்கு நோன்புக் கஞ்சி வரும். அம்மா முறுக்கோ அதிரசமோ போட்டுத் திருப்பி அனுப்புவாள். இந்த வருடமும் பாயே வண்டியில் கொண்டுவந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். "இப்ப இன்னா எழுதிக்கினு கீற?" என்றார். நாவல் என்றேன். "சிரிக்கிற ஆளு கீறாங்களா?" "கீறாங்க பாய்." "அப்ப சரி." அதுதான் என்னிடம் அவர் கடைசியாகச் சொன்னது. தூக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கொடுக்க வேண்டும் என்று இருந்தோம். அதற்குள் போன் வந்துவிட்டது.

சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்று அம்மாவுக்குத் தெரியும். அழுது முடித்ததும் எழுந்து தக்காளி சாதம் கிளறி, அந்தத் தூக்கிலேயே நிரப்பினாள். பூந்தமல்லிக்குப் பஸ் பிடித்துப் போனோம். முகத்தைப் பார்த்தோம். ஆண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு அடக்கத்துக்குப் போனதும், வீட்டில் பெண்கள் மட்டும் உட்கார்ந்திருந்தோம். தூக்கைப் பார்த்ததும் மும்தாஜ் அக்கா அதைக் கட்டிக்கொண்டு அழுதார்.

நாங்கள் கிளம்பும்போது, சாதத்தை மாற்றிவிட்டுத் தூக்கைக் கழுவிக்கொண்டு வந்தார். உள்ளே ஒரு கைப்பிடி சர்க்கரை போட்டிருந்தார். அந்த நிலைமையிலும் வெறுமையாகக் கொடுக்கவில்லை.

"இது உங்க ஊட்டு சாமான்மா, அவரு பேரு போட்டது" என்றாள் அம்மா, வாங்கிக்கொள்ளாமல்.

"வெச்சிக்கோங்கம்மா. இங்க இருந்தா நான் பாத்துப் பாத்து அழுதுகினே இருப்பேன். உங்க ஊட்ல இருந்தா கஞ்சி குடுத்த தூக்குன்னு நாலு பேருகிட்ட சொல்வீங்க."

நசீர் பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கேள்வி. எழுதி முடித்த பக்கத்தை மூடுவதற்கு முன், இந்த ஆள் எதில் தண்ணீர் குடிக்கிறான் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். பதில் தெரியாவிட்டால் எழுந்துபோய், அவன் வீட்டுக்குள் ஒருமுறை உட்கார்ந்துவிட்டு வருகிறேன். அதை அவரிடம் இருக்கும்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் கிண்டல் செய்திருப்பார்.

வீட்டுக்கு வந்து நான் தூக்கை அலமாரியில், குடத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அம்மா வந்து பார்த்தாள். விரலால் தடவி, புள்ளி புள்ளியாக எழுத்து இருக்கும் பக்கத்தைக் கண்டுபிடித்து, அது வெளியே தெரியும்படி திருப்பி வைத்தாள். தினமும் காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பு பற்ற வைக்கிறாள். நேற்று பாத்திரக் கடைப் பக்கம் போனபோது, யார் யாரோ பெயர் வெட்டக் கொடுத்து, வெட்டி முடித்து அடுக்கி வைத்திருந்த சாமான்களில் ஒன்றைக் காட்டி, "இது பாய் பேருதானே?" என்று கேட்டாள். குனிந்து படித்தேன். நசீர் என்றுதான் இருந்தது. படிக்கத் தெரியாத என் அம்மாவுக்கு இப்போது இரண்டு பெயர்கள் தெரியும்.